கொட்டகை போட்ட மனிதர்

(சாமிக்கண்ணு வின்சென்ட் நினைவாக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோவை ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "வி.எச். ரோடு போகோணுங்க" என்று சொன்னால், அவர் மறு கேள்வி கேட்காமல் வண்டியைக் கிளப்புவார். கடைப் பெயர்ப் பலகைகளிலும் பில் புத்தகங்களிலும் அந்த இரண்டு எழுத்துதான் இருக்கும். இன்னும் கொஞ்சம் வயதானவர்கள் முழுப் பெயரையும் சொல்வார்கள்: வெரைட்டி ஹால் ரோடு. வெரைட்டி ஹால் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அவர்களும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். ஒரு ஹால் இருந்தது. அதைக் கட்டிய ஒருவர் இருந்தார். ஹால் தெருவுக்குப் பெயரானது, பெயர் இரண்டு எழுத்தானது, மனிதர் அந்த இரண்டு எழுத்துக்கும் பின்னால் மறைந்து போனார். அவரைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883-ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று கோவையில் பிறந்தார். 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று மறைந்தார். பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் நடுவே நான்கே நாள். இரண்டுமே சித்திரையில் வருகின்றன. அந்த நாட்களுக்குள் நாம் இங்கே கூடியிருப்பது எனக்கு நிறைவாக இருக்கிறது.

அவர் கதைக்குப் போகும் முன், தியேட்டர்காரர் என்றால் ஓர் ஊருக்கு என்ன பொருள் என்பதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்க் கொட்டாய்

என் சிறுவயதில் எங்கள் ஊரில் இருந்தது டெண்ட் கொட்டாய்தான். டூரிங் டாக்கீஸ் என்று நோட்டீஸில் அச்சடித்திருக்கும். ஆனால் யாரும் அப்படிச் சொன்னதில்லை. தரை டிக்கெட், பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. தரை டிக்கெட்டில் மணல் பரப்பியிருக்கும். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால், மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வோம். நடுவே இடுப்புயரத் தடுப்பு. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். சாயங்காலம் கூம்புக் குழாயில் ரெக்கார்டு போடுவார்கள். முதலில் பிள்ளையார் பாட்டு. அது கேட்டதும் அம்மா அடுப்பை அவசரப்படுத்துவாள். எத்தனையாவது பாட்டில் கிளம்பினால் படம் போடுவதற்குள் போய்ச் சேரலாம் என்பது ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த கணக்கு.

கொட்டாயின் முதலாளி வாசலில்தான் நிற்பார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. சிறுவர்களைப் பார்த்தால், "ஏங் கண்ணு, பரீச்சை முடிஞ்சுதா? உங்கய்யனுக்குத் தெரியுமா நீ வந்தது?" என்று கேட்காமல் விடமாட்டார். படம் நடுவில் அறுந்தால் திரைக்கு முன்னால் தானே வந்து நின்று, "கொஞ்சம் பொறுத்துக்கோங்க சாமி, ஒட்டிட்டிருக்காங்க, ஒரு நிமிசம்" என்பார். கூச்சல் அடங்கும். ஆப்பரேட்டரை அனுப்பியிருக்கலாம், டிக்கெட் கிழிப்பவரை அனுப்பியிருக்கலாம். அவர் அனுப்பியதில்லை.

அவரைப் பற்றி என் மனதில் அழியாமல் நிற்பது வேறொன்று. ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு அவர் ரெக்கார்டு போடமாட்டார். தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு அதுதான் சேதி. "என்னமோ இன்னிக்குப் பாட்டுக் காணோம், ஊருக்குள்ள யாருக்கு என்ன ஆச்சோ" என்று என் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) திண்ணையை விட்டு எழுந்து துண்டைத் தேடுவது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஒரு கூம்புக் குழாய் பாடினால் கொண்டாட்டம், பாடாவிட்டால் துக்கம். அந்தக் குழாயை ஊரின் நாடியோடு சேர்த்துக் கட்டியிருந்தார் அந்த மனிதர். தியேட்டர்காரர் என்ற சொல்லுக்கு நான் கற்ற பொருள் அதுதான்.

பின்னாளில் படித்தபோதுதான், இந்தக் கொட்டாய்களுக்கெல்லாம் மூத்த கொட்டாய் ஒன்று இருந்ததும், அதைப் போட்டவர் நம் கோவைக்காரர் என்பதும் எனக்குத் தெரிந்தது. இந்த வரலாறு நம் கைக்குக் கிடைத்ததற்கு, தமிழ் சினிமா ஆராய்ச்சியைப் பல ஆண்டுகளாகத் தவம்போலச் செய்துவரும் சு. தியடோர் பாஸ்கரன் போன்றவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

தொண்ணூறு மாதச் சம்பளம்

1905-ஆம் ஆண்டு. சாமிக்கண்ணு வின்சென்டுக்கு வயது 22. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக வேலை. சம்பளம் மாதம் 25 ரூபாய். அந்நாளில் ரயில்வே உத்தியோகம் என்றால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். காலம் முழுக்க நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கக்கூடிய வாழ்க்கை அவர் கையில் இருந்தது.

சலனப்படம் உலகத்துக்கு வந்து அப்போது பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு மக்களுக்குப் படம் காட்டினார்கள். 1896 ஜூலை 7 அன்று அது பம்பாய்க்கு வந்தது. வாட்சன் ஹோட்டலில் காட்டினார்கள். 1897-இல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் காட்சி நடந்தது. இவையெல்லாம் பெருநகரங்களில், பெரிய கட்டிடங்களில், பெரும்பாலும் வெள்ளைக்காரர்களும் வசதியானவர்களும் பார்த்த காட்சிகள். உள்ளூர்க்காரனுக்கு அது கேள்விப்பட்ட விஷயம்.

அந்தச் சூழலில் டுபான் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் படப் பெட்டிகளோடு ஊர் ஊராகக் காட்சி நடத்திக்கொண்டு திருச்சிக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போயிற்று. தாய்நாடு திரும்பினால் போதும் என்ற நிலை. எந்திரத்தையும் படங்களையும் விற்றுவிடத் துணிந்தார். வின்சென்ட் அவற்றை வாங்கினார். விலை 2,250 ரூபாய்.

மாதம் 25 ரூபாய் சம்பளக்காரருக்கு 2,250 ரூபாய் என்றால் 90 மாதச் சம்பளம். ஒரு பைசா செலவழிக்காமல் ஏழரை ஆண்டு சேர்த்தால்தான் அந்தத் தொகை தேறும். அந்தப் பணத்துக்கு ஊரில் காணி வாங்கியிருக்கலாம், வீடு கட்டியிருக்கலாம். சுவரில் நிழலாட்டம் காட்டும் ஒரு பெட்டியை வாங்கினார், வேலையையும் விட்டார். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை இங்கே இருக்கும் தகப்பன்மார்கள் நினைத்துப் பாருங்கள்.

அவர் வாங்கிய படங்களில் முக்கியமானது இயேசுநாதரின் வாழ்க்கையைச் சொல்லும் படம். அதோடு சில சிறு துண்டுப் படங்கள். அவற்றை வைத்துக்கொண்டு, 'எடிசன் சினிமாட்டோகிராஃப்' என்று பெயர் சூட்டி, கூடாரம் அடித்துக் காட்சி நடத்தத் தொடங்கினார். முதல் கூடாரம் திருச்சியில். அங்கிருந்து புறப்பட்ட அந்தக் கூடாரம் லாகூர், பெஷாவர் வரைக்கும் போயிற்று. கோவையில் பிறந்த ஓர் இளைஞர், ஆப்கன் எல்லைக்குப் பக்கத்தில் முளைக்குச்சி அடித்து, துணி கட்டி, அந்த ஊர் மக்களை உட்காரவைத்துப் படம் காட்டியிருக்கிறார். ரயில்வேயில் இருந்தவருக்கு ரயில் போகும் வழியெல்லாம் தன் வழியாகத் தெரிந்திருக்க வேண்டும். வரைபடம் போட்ட கை, அந்தத் தண்டவாளங்களின் மேலேயே படப் பெட்டியை ஏற்றி அனுப்பியது.

1909-இல் சென்னைக்கு வந்து எஸ்பிளனேடு பகுதியில் கூடாரம் போட்டார். பிரான்ஸின் பதே சினிமா கம்பெனிக்கு ஏஜெண்டானார். புரொஜெக்டர்களைத் தருவித்து விற்றார். இதை நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கையில் இருக்கும் அபூர்வ எந்திரத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, தான் ஒருவரே காட்டிப் பணம் பார்க்கலாம் என்று அவர் நினைக்கவில்லை. அடுத்தவர் கையிலும் அதைக் கொடுத்தார். அவரிடம் எந்திரம் வாங்கியவர்கள் தங்கள் தங்கள் ஊர்ப் பக்கம் போய்க் கொட்டகை போட்டார்கள். அந்தக் கிளைகளில் ஒன்றின் கடைசித் துளிர்தான், நான் மணல் குவித்து உட்கார்ந்த எங்கள் ஊர்க் கொட்டாய் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை.

கூடாரத்துக்குள் என்ன நடந்தது?

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி எப்படி நடந்தது என்று சொல்லியாக வேண்டும். விரலால் தொட்டால் படம் ஓடும் காலத்தில் பிறந்தவர்கள் நீங்கள்.

எந்திரத்தைக் கையால் சுற்ற வேண்டும். வினாடிக்குச் சுமார் 16 படம் என்ற கணக்கில் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். கை வேகமெடுத்தால் திரையில் மனிதர்கள் ஓடுவார்கள். கை சோர்ந்தால் அவர்களும் சோர்வார்கள். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். இருப்பது ஒரே எந்திரம். ஒரு சுருள் முடிந்தால் அதைக் கழற்றி அடுத்ததை மாட்டும்வரை கூட்டம் இருட்டில் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தை நிரப்ப நடனம், குஸ்தி, குத்துச்சண்டை என்று ஏதாவது நடத்தும் வழக்கம் அக்காலக் காட்சிகளில் இருந்தது. படத்துக்குக் குரல் கிடையாது. நடுநடுவே வரும் எழுத்தை எல்லோராலும் வாசிக்க முடியாது. ஆகவே திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, கதையை உரக்கச் சொல்லிக்கொண்டே போவார். தெருக்கூத்தின் கட்டியங்காரனைக் கேட்டுப் பழகிய நம் மக்களுக்கு அது புதிதாகத் தோன்றியிருக்காது.

மின்சாரம் இல்லாத ஊர்களில் வெளிச்சத்துக்கு என்ன செய்வது? அக்காலத்துப் பயணக் காட்சிக்காரர்கள் வாயுச் சுடரால் சுண்ணாம்புக் கட்டியைச் சூடாக்கினார்கள். அது வெள்ளையாகப் பிரகாசிக்கும். அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில்தான் படச்சுருள் ஓட வேண்டும். அந்தச் சுருளோ நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. ஒருமுறை பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அதற்குள்ளேயே இருக்கிறது. 1897 மே மாதம் பாரிஸ் நகரத்து அறச்சந்தை ஒன்றில், சினிமா விளக்கை ஏற்றும்போது பிடித்த தீயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். துணிக் கூடாரத்துக்குள், நூற்றுக்கணக்கான மக்களை வைத்துக்கொண்டு, இந்த நெருப்பைக் கையாண்டவர்கள் அந்தக் காலக் கொட்டகைக்காரர்கள். வந்தவர்களை முழுசாக வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் பொறுப்பு ஒவ்வொரு நாளும் அவர்கள் தலைமேல் இருந்தது. பழைய தியேட்டர்களில் புரொஜெக்டர் அறை தனிச் சுவர்களோடு, சின்னச் சின்னத் துளை ஜன்னல்களோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுவர் அழகுக்காகக் கட்டியதில்லை. அது நமக்கும் நெருப்புக்கும் நடுவே நின்ற சுவர்.

சுவர் எழுந்தது

1914-ஆம் ஆண்டு, தன் 31-ஆம் வயதில், ஊர் சுற்றிய கூடாரத்தைச் சொந்த ஊருக்கே கொண்டுவந்து நிறுத்தினார் வின்சென்ட். கோவையில் வெரைட்டி ஹால் எழுந்தது. அதே காலகட்டத்தில் சென்னையில் ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்கு எது என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. நான் அதற்குள் போகவில்லை. சென்னையோ மாகாணத்தின் தலைநகரம். அங்கே அரங்கு எழுந்ததில் வியப்பில்லை. அன்றைய கோவையின் மக்கள்தொகை ஏறக்குறைய ஐம்பதாயிரம்தான். ஆலைகள் இன்னும் பெருகவில்லை. நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வருவதற்கு இன்னும் பதினெட்டு ஆண்டு இருந்தது. அப்படிப்பட்ட ஒரு சிற்றூர் நாளும் வந்து படம் பார்க்கும், அதற்கு ஒரு நிலையான கட்டிடம் வேண்டும் என்று நம்பினாரே, அந்த நம்பிக்கையைத்தான் நான் வணங்குகிறேன். தன் ஊரைப் பற்றி அவ்வளவு உயர்வாக நினைத்தவர் அவர்.

அரங்குக்கு வெளிச்சம் வேண்டும். ஊரில் மின்சாரம் இல்லை. சொந்தமாக ஜெனரேட்டர் வைத்தார். கையில் மின்சாரம் வந்ததும் அதைச் சினிமாவோடு நிறுத்தவில்லை. மின்சாரத்தில் ஓடும் அச்சகம் வைத்தார். அரிசி ஆலை நடத்தினார். படம் காட்ட வந்த வெளிச்சம் நெல் குத்தியது, எழுத்தை அச்சிட்டது. இந்தச் செய்தியை நான் படித்த அன்று வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரை சினிமாவைக் கேளிக்கை என்றுதான் நினைத்திருந்தேன். ஓர் ஊரின் தொழில் விளக்கு, ஒரு கொட்டகையின் திரைக்குப் பின்னாலிருந்தும் ஏற்றப்படலாம் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. ஈழத்துப் பேரறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ் சினிமாவைப் பற்றி எழுதும்போது, தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான் என்று காட்டினார். இருக்கை சாதிப்படியாக அமையவில்லை, கொடுக்கும் காசின்படி அமைந்தது என்றார். கோயிலுக்குள் எல்லோரும் போக முடியாத காலம் அது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு நடந்ததே 1939-இல்தான். பல ஊர்களில் பொதுக் கிணறு கிடையாது; டீக்கடையில் தனிக் குவளை. அந்தக் காலத்தில், டிக்கெட்டை நீட்டியவனை உள்ளே விட்ட இடம் கொட்டகை. காசு வேற்றுமை அங்கேயும் இருந்தது; தரையும் சேரும் ஒன்றாகிவிடவில்லை. வெளியே இருந்த பழக்கம் வாசலிலேயே முழுசாக நின்றுவிட்டது என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனாலும் விளக்கு அணைந்தபின் ஒரே இருட்டு, ஒரே திரை, ஒரே சிரிப்பு, ஒரே அழுகை. தோளோடு தோள் இடிபட்டு உட்கார்ந்து அழுத மனிதர்கள், வெளியே வரும்போது உள்ளே போன அதே மனிதர்களாக இருந்திருக்க முடியாது.

இதைப் படம் எடுத்தவர் செய்யவில்லை, நடித்தவரும் செய்யவில்லை. இடத்தைக் கொடுத்தவர் செய்தார். சினிமா வரலாறு எழுதும்போது நடிகரை எழுதுகிறோம், இயக்குநரை எழுதுகிறோம், பாட்டெழுதியவரை எழுதுகிறோம். நம்மை ஒன்றாக உட்காரவைத்தவரை எழுத மறந்துவிடுகிறோம். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்: படம் ஒரு கலை என்றால், மக்களைக் கூட்டி அமரவைப்பதும் ஒரு கலை. வின்சென்ட் அந்தக் கலையின் ஆசான்.

ஊமைக்குப் பேச்சு வந்தபோது

1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' வெளியானது. சினிமா தமிழ் பேசத் தொடங்கியது. மக்களுக்கு அது திருவிழா. கொட்டகைக்காரர்களுக்கோ பெரிய சோதனை. இனி கையால் சுற்ற முடியாது. வினாடிக்கு 24 படம், ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல் ஓடினால்தான் குரல் குரலாக இருக்கும். அதற்கு மோட்டார், மோட்டாருக்குச் சீரான மின்சாரம், ஒலிபெருக்கி, அதைப் பழுது பார்க்க ஆள் என்று எல்லாம் புதிதாக வேண்டும். ஊமைப்படத்தை நம்பி இருந்தவர்கள் பலர் அதோடு தொழிலை விட்டார்கள். திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவர்களின் தொண்டை அதோடு ஓய்ந்தது. அவர்களுக்காக ஒரு வரி எழுதிவைத்தவர்கள் அரிது.

வின்சென்ட் ஓயவில்லை. அப்போது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. தமிழ்நாட்டில் பேசும் படம் எடுக்க ஸ்டுடியோ இல்லாத நேரம். கல்கத்தாவின் பயனியர் பிலிம் கம்பெனியோடு சேர்ந்து 1933-இல் 'வள்ளி திருமணம்' படத்தைக் கொண்டுவந்தார். 'காளிதாஸ்' நாயகி டி.பி. ராஜலட்சுமிதான் அதில் வள்ளி. படம் நன்றாக ஓடியது. அது ஓடியதில் எனக்கு வியப்பில்லை. மக்கள் எதற்குக் கைதட்டுவார்கள், எந்த இடத்தில் கண்ணைத் துடைப்பார்கள் என்பதை 28 ஆண்டு இருட்டில் நின்று பார்த்தவர் அவர். வள்ளி கதை நம் நாடக மேடையில் ஊறிய கதை. தினைப்புனமும் கிழவன் வேடமும் தெரியாத தமிழ்க் குழந்தை அந்நாளில் கிடையாது.

முப்பதுகளின் நடுவில் கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோ உருவானபோது அந்த முயற்சியிலும் அவர் பங்கு இருந்தது. அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1947-இல் வெளியான 'ராஜகுமாரி' அந்த ஸ்டுடியோவில் உருவான படம். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்தது அதில். வசனத்தில் கலைஞர் மு. கருணாநிதியின் கை இருந்தது. பின்னாளில் தமிழ்நாட்டை ஆண்ட இரண்டு பேர் இளைஞர்களாகக் கோவை மண்ணில் ஒரே படத்துக்கு வேலை செய்த காலத்துக்குப் பின்னால், 1905-இல் ஒரு ரயில்வே ஊழியர் கொடுத்த 2,250 ரூபாயும் இருக்கிறது. விதை போட்டவர் மரத்தைப் பார்க்கவில்லை. ஆனால் விதை அவருடையது.

இடிந்த சுவர்

வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் தியேட்டர் ஆனது. என் அப்பா என்னைக் கோவைக்குக் கூட்டிவந்த ஒரு விடுமுறை நாளில் அந்தப் பக்கம் நடந்திருக்கிறோம். ஒப்பணக்கார வீதியில் துணி எடுத்துவிட்டு வரும் வழி. "இதுதாண்டா பழைய கொட்டாய், உங்க தாத்தனெல்லாம் வண்டி கட்டிட்டு வந்து பார்த்தது இங்கதான்" என்று காட்டினார். எனக்கு அன்றைக்கு அதில் ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. பசி, சீக்கிரம் சாப்பிடப் போக வேண்டும் என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். இன்னும் ஐந்து நிமிடம் அங்கே நின்றிருக்கலாம் என்று இந்த வயதில் ஏங்குகிறேன்.

அந்தக் கட்டிடம் இன்றைக்கு இல்லை. நூறு ஆண்டைத் தாண்டி நின்ற சுவர்களை அண்மையில் இடித்துவிட்டார்கள். ஒரு தனியார் இடத்தை உடையவர்கள் என்ன செய்வது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. நான் வருந்துவது நம்மைப் பற்றி. அது நின்றிருந்த வரைக்கும், உள்ளே போய் ஒரு முறை சுற்றிப் பார்த்து எழுதியவர் எத்தனை பேர்? அங்கே டிக்கெட் கிழித்தவரோடு, போஸ்டர் ஒட்டியவரோடு, புரொஜெக்டர் விளக்கின் கரிக்குச்சியை மாற்றிய ஆப்பரேட்டரோடு உட்கார்ந்து பேசியவர் எத்தனை பேர்?

இது கோவைக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. படச்சுருள் போய் டிஜிட்டல் வந்தபோது, ஒற்றைத் திரை அரங்குகள் தமிழ்நாடு முழுக்க விழுந்தன. கல்யாண மண்டபமாக, குடோனாக, வணிக வளாகமாக மாறின. டெண்ட் கொட்டாய்களின் கதை அதற்கும் முன்பே முடிந்துவிட்டது. அவற்றுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் உரிமம். காலம் முடிந்தால் பிரித்தெடுத்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் ஊர்க் கொட்டாயையும் ஒரு நாள் பிரித்தார்கள். திரும்பக் கட்டவில்லை. மூங்கில் நட்ட குழிகள் இரண்டு மழைக்கு இருந்தன. பிறகு தூர்ந்துவிட்டன. அதன் முதலாளி இறந்த செய்தி எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஊர்ச் சாவுக்கெல்லாம் பாட்டை நிறுத்தியவர் அவர். அவர் போன அன்று நிறுத்துவதற்குப் பாட்டே இல்லை.

அதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து நாள்

நண்பர்களே, நினைவு என்பது சிலை வைப்பதோடு முடிவதில்லை. வின்சென்டுக்குச் சிலை வைத்தால் நான் மகிழ்வேன். வெரைட்டி ஹால் ரோட்டில் அவர் பெயரோடு ஒரு கல்வெட்டு நட்டால், அந்த வழியாக நாளும் போகும் ஆயிரம் பேரில் பத்துப் பேராவது நின்று படிப்பார்கள். அதைச் செய்ய வேண்டியவர்கள் செய்யட்டும். நான் உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. ஆனால் உங்களால் மட்டுமே ஆகக்கூடியது.

ஏப்ரல் 18 முதல் 22 வரை. ஒவ்வோர் ஆண்டும் இந்த ஐந்து நாளில், உங்கள் ஊர்த் தியேட்டரில் வேலை பார்த்த ஒருவரைத் தேடிப் போங்கள். அவர் மேலாளராக இருக்க வேண்டியதில்லை. சைக்கிளில் படப் பெட்டி தூக்கியவர், இடைவேளையில் முறுக்கும் சோடாவும் விற்றவர், பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கொடுத்த அம்மா, யாராக இருந்தாலும் சரி. எதிரில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் முதலாளி எப்படிப்பட்டவர்? காசில்லாமல் வாசலில் நின்றவனை என்ன செய்வார்? மழையில் கூரை ஒழுகிய அன்று என்ன செய்தார்? படம் அறுந்தால் யார் வந்து முன்னால் நிற்பார்? அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி, தேதி போட்டு, ஊர் நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். பழைய நோட்டீஸ், டிக்கெட் கட்டை, தியேட்டர் வாசலில் எடுத்த கல்யாணப் படம் எது கிடைத்தாலும் அதையும் சேர்த்து வையுங்கள். பெஷாவர் வரை போன அந்தக் கூடாரத்தின் கயிறு ஒரு துண்டுகூட இன்று நம்மிடம் காட்சிக்கு இல்லை. இருப்பதையாவது காப்பாற்றுவோம்.

திருச்சியில் நோயாளியாகக் கிடந்த டுபானுக்குத் தன் பெட்டி யார் கைக்குப் போகிறது என்று தெரியாது. வாங்கிய இளைஞர் அதை என்ன செய்வார் என்பதும் தெரியாது. ஆனாலும் ஒரு கை விட்டதை இன்னொரு கை பிடித்துக்கொண்டது. அதனால்தான் நம் தாத்தா பாட்டிகள் வண்டி கட்டிப் போய் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து சிரிக்கவும் அழவும் முடிந்தது.

நாளைக்கு ஏதோ வேலையாக வி.எச். ரோடு போனால், ஆட்டோக்காரரிடம் முழுப் பெயரையும் சொல்லுங்கள். "வெரைட்டி ஹால் ரோடுங்க" என்று சொல்லுங்கள். அது என்ன ஹாலுங்க என்று அவர் கேட்டால், போய்ச் சேரும் வரைக்கும் அவருக்குச் சொல்ல உங்களிடம் இப்போது ஒரு கதை இருக்கிறது.